கொடியில்லாத ஒரு மணி நேரம்

2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பின், நம்மவர் பலர் விடியுமுன்னே கோரமண்டலில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புகிறார்கள். அந்தக் கூலி வீடு சேருமுன் மதுக்கடையில் கரைவதை நாம் அறிவோம்.

நாம் செய்தது என்ன? குடித்து வந்தவரைச் சங்கக் கூட்டத்திலிருந்து வெளியேற்றினோம். மீண்டு வர வழி சொன்னோமில்லை.

வழி உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' 1957 முதல் இந்தியாவிலும் இயங்குகிறது. கட்டணமில்லை, சாதி, மதம் கேட்பதில்லை, பெயர் வெளியே போகாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பமே தகுதி. குடித்து மீண்டவர் தம் கதையைச் சொல்வார்; புதியவர் கேட்டிருந்தாலே போதும். பெங்களூரிலும் கூட்டங்கள் நடக்கின்றன. தமிழில் நடப்பது எது என்று விசாரித்துச் செல்லுங்கள். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' தனியே உண்டு. 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். முதலில் டாக்டரைப் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு.

ரயிலேற முடியாதவருக்காக, கூட்டம் நம் ஊருக்கே வரவேண்டும். அதற்குச் சங்க அறையைத் திறந்து விடுவோம். அவர்கள் வெளியார் நன்கொடை பெறுவதில்லை, அரசியலில் சேருவதில்லை. ஆகவே சிறு வாடகை வாங்கிக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் நம் கொடியை மடித்து வைப்போம். சாவியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்போம்.

உள்ளே போனவர் யாரென்று எட்டிப் பாராதிருப்பதும் தொண்டுதான், தோழர்களே!