விற்கும் கையும் மருந்திடும் கையும்



முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலே நெல் விளைகிறது, வாழை விளைகிறது, திராட்சையும் விளைகிறது. இம்மண்ணின் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருமறையின் 'நஹ்ல்' அத்தியாயத்து 67-ஆம் வசனம், மனிதர் இந்தத் திராட்சையிலிருந்து நல்ல உணவையும் பெறுகிறார்கள், போதையையும் உண்டாக்கிக் கொள்கிறார்கள் என்பதைச் சுட்டிக் காட்டுகிறது. கனி ஒன்றே. அதைக் கொண்டு என்ன செய்கிறான் என்பதிலே மனிதனின் அறிவு சோதிக்கப்படுகிறது. அரசின் கருவூலமும் அத்தகையதே. அதை எவ்வழியில் நிரப்புகிறார்கள், எவ்வழியில் செலவிடுகிறார்கள் என்பதிலே ஆள்வோரின் நேர்மை சோதிக்கப்படுகிறது.

நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 47-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்களின் ஊட்டத்தை உயர்த்துவதும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதும் அரசின் முதன்மையான கடமைகளைச் சேர்ந்தவை என்று அது கூறுகிறது. அதே பிரிவு, மருந்துக்கன்றி மதுவும் உடல்நலத்தைக் கெடுக்கும் போதைப் பொருள்களும் உட்கொள்ளப்படுவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்றும் கூறுகிறது. மருத்துவமனையையும் மதுவிலக்கையும் சட்டம் வகுத்த பெரியோர் ஒரே பிரிவில் வைத்தார்கள். பின்வந்த ஆட்சிகள் அவற்றைப் பிரித்துவிட்டன.

1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் விலகியது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. அதைத் தோற்றுவித்த ஆட்சியின் முதல்வர் எம்.ஜி.ஆர்., 1984 தேர்தலில் நமது ஆண்டிபட்டித் தொகுதியிலே வென்றார். 2003-ஆம் ஆண்டு நவம்பரில் சில்லறை விற்பனையையும் அந்நிறுவனமே ஏற்றது. அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவும் ஆண்டிபட்டியின் சட்டமன்ற உறுப்பினர். பின்னர் பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வமும் முதல்வராக அமர்ந்தார். முதல்வர்களைத் தந்த மாவட்டத்து மக்களாகிய நாம், அவர்கள் நமக்குத் தந்தவற்றைக் கணக்குப் பார்ப்பதில் தவறென்ன?

அவர்கள் தந்த நன்மையையும் மறைத்தல் ஆகாது. ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்கிலே எழுந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஏழைகளுக்குப் பெரும் துணை. மதுக்கடைகளை அரசே நடத்தத் தொடங்கிய அந்தக் காலத்திலேதான் அதுவும் எழுந்தது. ஒரு கை விற்கிறது. மறு கை மருந்திடுகிறது. எந்தக் கை நீளமானது?

2024-25 நிதியாண்டில் மது விற்பனையால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மறுபுறம், மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது? மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகவும், 180 பேரில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதாகவும் அது கூறுகிறது. இது நாடு முழுமைக்குமான கணக்கு. 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்னும் பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் விற்பனை தொடங்கிய காலத்தையும் மருந்து தொடங்கிய காலத்தையும் ஒப்பிட்டால், இடையிலே ஒரு தலைமுறை கடந்து போயிருக்கிறதே!

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அரசு மதுக்கடைகள் திறந்துதானே இருந்தன? கடை திறந்திருப்பது ஏழையைக் காப்பாற்றவில்லை. மாண்டவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவரது நோய்க்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்று எவரேனும் கேட்டார்களா?

மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு, ஆயினும் கேடு பயனைவிடப் பெரிது என்று 'பகரா' அத்தியாயத்து 219-ஆம் வசனம் தீர்ப்புக் கூறுகிறது. பயன் இருப்பதை ஒப்புக்கொண்டு, தராசில் வைத்து நிறுத்த பின்பே தீர்ப்பு வருகிறது. அதன் பின்னரும் தடை ஒரே நாளில் வரவில்லை. போதையோடு தொழுகையை நெருங்காதிருக்குமாறு முதலில் கட்டளை வந்தது. உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முற்றான தடை வந்தது. பழக்கத்தின் பிடியிலுள்ள மனிதனைப் படிப்படியாக மீட்க வேண்டும் என்னும் பாடம் இதில் ஆள்வோருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

கஞ்சாவைப் பற்றியும் பேசியாக வேண்டும். குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் மலைவழிகள். ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் போகும் அவ்வழிகளிலே கஞ்சாவும் கடத்தப்படுகிறது. எத்தனை கிலோ பிடிபட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. எத்தனை இளைஞர் மீண்டனர் என்ற செய்தி வருவதேயில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு போதைப் பொருளோடு பிடிபட்டவர் அப்பழக்கத்துக்கு அடிமையானவராயிருந்து, தாமாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. இவ்வழியைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். "நம்மவர்களிடம் இப்பழக்கம் இல்லை" என்று சொல்லிக் கொள்வதால் நோய் அகன்றுவிடாது. மகனின் பழக்கத்தை மறைக்கிறோம். பிறகு ஒருநாள் ஆணையிடச் செய்து அறையில் பூட்டுகிறோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் தோன்றலாம். மருத்துவ உதவியின்றேல் உயிரே போகலாம். ரமளான் பிறந்ததும் குடியைக் கைவிட எண்ணும் சகோதரர் முதலில் மருத்துவரைக் காணட்டும். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. மருத்துவமனையின் வாசல் அதற்கு எதிரானதன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கேடுகளையும் நோயாகவே கொள்கிறது; அரசு நிலையங்களில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. சட்டம் வகுத்த குறைந்த அளவுச் சேவை மாவட்டத்தில் இல்லையாயின், அம்மாவட்டத்தின் பிற நிலையத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது.

ஆகவே கேளுங்கள். க.விலக்கு மருத்துவமனையில் போதை மீட்புக்கென எத்தனை படுக்கைகள்? மனநல மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கம்பம், உத்தமபாளையம், போடி மருத்துவமனைகளில் எந்த நாள்களில் மனநல மருத்துவர் வருகிறார்? சென்ற ஆண்டு வந்த நோயாளர் எத்தனை பேர், இறுதிவரை சிகிச்சை பெற்றவர் எத்தனை பேர்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் இதைக் கேட்கலாம்; 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். கிராமசபையிலும் கேட்கலாம். ஒவ்வொரு மஹல்லாவின் ஜமாஅத்தும் இதனைத் தன் கடமையாக ஏற்று, 14446 என்னும் இலவச உதவி எண்ணைப் பள்ளிவாசல் பலகையிலும் எழுதி வைக்கலாம்.

கேட்பது கலகமன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், "எல்லோருக்கும் ஒரு துணி கிடைக்க, உமக்கு மட்டும் இந்த அங்கிக்குப் போதிய துணி எப்படி வந்தது?" என்று ஒருவர் சபையிலே கேட்டதாக வரலாறு சொல்கிறது. கலீஃபா சினங்கொள்ளவில்லை, தம் பங்கையும் தந்தைக்கு அளித்த மகனையே சாட்சியாக எழுப்பினார். ஒரு துணிக்குக் கணக்குக் கேட்டது அச்சமுதாயம். 48,344 கோடிக்கும், அதன் மறுபுறத்தில் சீரழியும் பிள்ளைகளுக்கும் நாம் கணக்குக் கேட்க வேண்டாமா?

ஆட்சியும் அமானிதம், வீடும் அமானிதம். இரண்டைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு. வல்ல இறைவன் ஆள்வோருக்கு நீதியையும், நமக்கு அவர்களிடம் கேட்கும் துணிவையும், நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு நலத்தையும் அருள்வானாக! ஆமீன்.