களப்பணி நம்முடையது, கட்டுரை யாருடையது?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டது. ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று சொல்லிவந்த 'யுஜிசி-கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இதழின் தரத்தை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாமாம். சுமை குறைந்தது என்று ஆய்வு மாணவர்கள் மகிழ்வதில் பொருளில்லை. 2018 விதிகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்யும்போது ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. எந்த இதழில் வந்த கட்டுரை செல்லும் என்பதை இனித் துறைக்குள் இருக்கும் சிலர் சொல்வார்கள். அந்தச் சிலர் யார் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இதற்கிடையில் காசு வாங்கிக் கட்டுரை போடுபவர்கள் கடை விரிக்கிறார்கள். மூன்றே நாளில் வெளியிடுகிறோம், ஐ.எஸ்.எஸ்.என் எண் உண்டு என்று வாட்ஸ்அப்பில் வலை வீசுகிறார்கள். அது இதழுக்கான அடையாள எண் மட்டுமே, தரச் சான்று அல்ல. பட்டியலை நம்பியவர்களும் தப்பவில்லை. 2018 மே மாதம் ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்களை யுஜிசி தன் பட்டியலிலிருந்து நீக்கியது. மாதக்கணக்கில் தாமதமாக வரும் உதவித்தொகையிலிருந்து பணம் கட்டியவருக்கு யார் திருப்பித் தருவார்?

பணத்தைவிடப் பெரிய கொள்ளை பெயர் வரிசையில் நடக்கிறது. சேரியில் பிறந்த மாணவி அதே சேரிக்குப் போய் வீடு வீடாகத் தரவு திரட்டுகிறார். நம்ம வீட்டுப் பிள்ளை என்பதால்தான் மக்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். கட்டுரை வரும்போது முதல் பெயர் நெறியாளருடையது, இரண்டாம் பெயர் நெறியாளரின் நண்பருடையது. யுஜிசி கணக்கில் இருவருக்கு மேல் எழுதிய கட்டுரைக்கு முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. தரவு திரட்ட ஒரு சாதி, கோட்பாடு பேச இன்னொரு சாதி என்ற இந்தப் பிரிவினையைத்தான் 2002இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் கோபால் குரு அம்பலப்படுத்தினார். நெறியாளராக இருப்பது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது என்பது உலகெங்கும் மருத்துவ ஆய்விதழ்கள் ஏற்ற நெறி. நம் துறைகளில் அதை எடுத்துச் சொன்னால் 'திமிர்' என்று பெயர்.

ஆகவே திட்டம் முதலாம் ஆண்டிலேயே வேண்டும். எந்த இயல் எந்தக் கட்டுரையாகும், எந்த இதழுக்குப் போகும், முதல் பெயர் யாருடையது என்பதை நெறியாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் மதிப்பீட்டாளரின் குறிப்பைப் படித்துத் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

1916 மே மாதம் கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையை அண்ணல் அம்பேத்கர் அடுத்த ஆண்டே 'இந்தியன் ஆன்டிக்வரி'யில் அச்சேற்றினார். மாகாண நிதி பற்றிய ஆய்வேடு 1925இல் லண்டனில் நூலாக வந்த பிறகே, 1927இல் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. போராட்டங்களுக்கு நடுவே இதையும் அவர் விடவில்லை.

நம் இயக்கத்தில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். முதல் தலைமுறை ஆய்வாளர்களின் வரைவுகளை, குறிப்பாக ஆங்கில வரைவுகளை, மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து படித்துத் திருத்திக் கொடுக்க அவர்கள் முன்வர வேண்டும். பயிலரங்கு நடத்தும் அதே கூடம் இதற்கும் போதும்.