பதினேழு வயதில் ஒரு விக்கெற் காப்பாளர்

கிரிக்கெற் ஆட்டத்தில் இளமையிலேயே புகழெய்தியவர்களை நல்லூழ் உடையோர் என்று கூறுவது வழக்கம். பார்த்திவ் பட்டேல் என்னும் இந்திய வீரரின் தொடக்ககாலத்தை நோக்குமிடத்து, அக்கூற்று எமக்கு உடன்பாடாகத் தோன்றவில்லை.

1985 ஆம் ஆண்டு அகமதாபாத்திற் பிறந்த இவர், ஆறு வயதிற் கதவிடுக்கில் அகப்பட்டு இடக்கைச் சுண்டுவிரலின் நுனியை இழந்தவர். கைகளையே கருவியாகக் கொண்ட பணியை இவர் தேர்ந்தது வியப்பே. 2002 ஓகஸ்ற் மாதம் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் முதன்முதலாக ரெஸ்ற் போட்டியில் இறங்கியபோது, அவருக்கு வயது பதினேழும் ஐந்து மாதமும். மிக இளைய ரெஸ்ற் விக்கெற் காப்பாளர் என்று 1952 முதல் ஹனீப் முகம்மது பெற்றிருந்த பெருமை அன்று கைமாறியது. முதலாம் இன்னிங்ஸில் ஓட்டம் எதுவும் பெறாது வெளியேறினார். இரண்டாவதில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக நின்று, ஆட்டமிழக்காது 19 ஓட்டங்கள் பெற்று, அணியைத் தோல்வியினின்றும் காத்தவர்களுள் ஒருவரானார்.

ஆயின், அந்நாள்வரை அவர் குஜராத்துக்காக ரஞ்சிக் கிண்ணப் போட்டி ஒன்றிலேனும் ஆடியவரல்லர்! அப்போட்டியில் அவர் முதலில் ஆடியது 2004 இலேயே. நெடுங்கணக்கு முடியுமுன் பிள்ளையை நன்னூற் பரீட்சைக்கு இருத்துவாரும் உளரோ?

துடுப்பாட்டத்தில் இளமையின் கண்ணும் துணிவும் ஓரளவு கைகொடுக்கும். விக்கெற் காப்பு அத்தகையதன்று. சுழற்பந்து நிலத்திற் பட்டுத் திரும்பி வருங்கால், விக்கெற்றை ஒட்டிக் குந்தியிருப்பவர் பந்தோடு சேர்ந்தே எழுதல் வேண்டும். முந்தி எழுந்தாற் பந்து கையுறையின் கீழே போய்விடும். துடுப்பாட்டக்காரரின் உடல் பார்வையை மறைக்கும் கணத்திலும் கை தானே சென்று பந்தை ஏற்கவேண்டும். பலநூறு முறை பிழைவிட்டே இவை கைவரும். ஆளரவமற்ற மைதானங்களில் விடவேண்டிய பிழைகளைப் பட்டேல், கும்ப்ளே, ஹர்பஜன் சிங் ஆகியோரின் பந்துகளுக்கு, உலகத்தார் கண்முன்னே விட்டார். துடுப்பு அவரைக் கைவிடவில்லை; 2004 இல் சிட்னியில் 62 ஓட்டங்களும், ராவல்பிண்டியில் தொடக்க வீரராக 69 ஓட்டங்களும் பெற்றார். எனினும், நழுவிய பிடிகளே பேச்சாயின. 19 ரெஸ்ற் போட்டிகள் ஆடி, 19 வயதிலேயே இடமிழந்தார்.

துடுப்பாட்டக்காரர் பலருக்கு இடமுள்ள அணியில், விக்கெற் காப்பாளருக்கு இடம் ஒன்றே. தினேஷ் கார்த்திக் வந்தார், 2005 டிசெம்பரிற் சென்னையில் இலங்கைக்கு எதிராக டோனி வந்தார், கதவு அடைபட்டது. டோனியைப் பட்டேல் விஞ்சியிருப்பார் என்று நாம் வாதிடவில்லை. ஆனால், டோனி முதல் ரெஸ்ற் ஆடியபோது அவருக்கு வயது 24 என்பதையும், 2000 ஆம் ஆண்டிலேயே பீகாருக்காக ரஞ்சிப் போட்டியில் இறங்கியவர் என்பதையும் மறத்தலாகாது. பட்டேலுக்கு மறுக்கப்பட்டது அந்த ஐந்தாறு ஆண்டுகளே. குற்றம் சிறுவனுடையதன்று, அவசரப்பட்ட தெரிவாளர்களுடையது.

சுறுசுறுப்பான சிறுவன் ஒருவனைக் கண்டவுடன் கையுறையை மாட்டி முதற் பதினொருவருள் நிறுத்திவிடும் ஆர்வம் எமது கல்லூரி மைதானங்களிலும் காணப்படுகின்றது. அன்பு மிகுந்த பழைய மாணவர்களே இதில் முன்னிற்கின்றனர். அவனை இன்னும் ஓராண்டு பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் விட்டுவைத்தால், கல்லூரிக்கு ஒரு போட்டி தோற்கலாம், அதனால் என்ன?

பட்டேல் 2008 இற் கொழும்பில் ஒரு ரெஸ்ற் ஆடியபின் எட்டாண்டுகள் புறத்தே நின்றார். அக்காலமெல்லாம் குஜராத்துக்காகக் காத்தும் அடித்தும் வந்தார். 2016 நவம்பரில் மொகாலியில் மீண்டும் அழைக்கப்பட்டபோது 42 ஓட்டங்களும், ஆட்டமிழக்காது 67 ஓட்டங்களும் பெற்றார். 2017 ஜனவரியில் இந்தோரில் நடந்த ரஞ்சி இறுதிப் போட்டியில், மும்பாய்க்கு எதிராக 312 ஓட்டங்களைத் துரத்தி, தலைவராக நின்று 143 ஓட்டங்கள் குவித்துக் குஜராத்துக்கு முதற் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 31.