எழுத்து யாருடையது?

பழைய வெள்ளிச் சாமான் கைக்கு வந்ததும் அதைக் கவிழ்த்து அடியில் எழுத்தைத் தேடுவது நம் தொழிலில் ஊறிய பழக்கம். தேடுவது சரிதான். கண்ட எழுத்தையெல்லாம் செய்தவரின் முத்திரை என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை. தாமிரபரணிக் கரையிலும், குலசேகரன்பட்டினம் போன்ற பழைய துறைமுக ஊர்களிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். சீர்வரிசைச் செம்பில் கொடுத்தவரின் முதலெழுத்துகள் இருக்கும்; கோயில் தட்டில் உபயதாரர் பெயரும், சில வேளை எடையும் இருக்கும். அவை ஆங்கில எழுத்தாக இருந்துவிட்டால் குழப்பம் கூடிவிடுகிறது. இங்கிலாந்து முத்திரைப் பட்டியலைப் புரட்டினால் எந்த இரண்டெழுத்துக்கும் லண்டனிலோ பர்மிங்காமிலோ ஒரு பட்டறைக்காரர் அகப்பட்டுவிடுவார். அந்தப் பொருத்தம் எதையும் நிரூபிக்காது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முத்திரை என்பது எஃகு அச்சை வைத்து ஒரே அடியில் பதிப்பது. எழுத்தைச் சுற்றிச் சிறு கட்டமோ கேடயமோ இருக்கும். பெரும்பாலும் அந்தக் கட்டத்தின் தரை தாழ்ந்து எழுத்து மேலெழுந்து நிற்கும். தகடு மெல்லியதானால் மறுபுறம் லேசாகப் புடைத்திருக்கும். வெட்டிய பெயர் அப்படியல்ல. சிற்றுளியால் புள்ளி புள்ளியாகவோ சிறு கோடுகளாகவோ போட்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வோர் ஆழம், எழுத்துகள் சற்றே சாயும், வரிசை விளிம்பின் வளைவோடு ஓடும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது: அசல் பொருளை அச்செடுத்து வார்த்த போலி. அதில் முத்திரையும் சேர்ந்தே வார்ப்பாக வரும். ஓரங்கள் மழுங்கியிருக்கும், எழுத்தின் தரையில் ஊசிமுனை போன்ற குழிகள் தென்படும். ஒரே மாதிரி நான்கு கரண்டிகளில் முத்திரை மயிரிழையும் பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே கீறலோடு இருந்தால் சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் அரசு ஏற்ற சோதனைச் சாலைகள் தரம் பார்த்து முத்திரையிட்டன. நடக்கும் சிங்கம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காம், தேதியெழுத்து ஆண்டைச் சொல்லும். வெள்ளைக்காரர் ஆண்ட இந்தியாவில் அப்படிப்பட்ட சோதனைச் சாலை இல்லை. வெள்ளிக்கு பி.ஐ.எஸ். ஹால்மார்க் வந்ததே 2005இல்தான். ஆகவே சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த சுவாமி வேலைப்பாட்டுக் கிண்ணத்தில் நாம் படிப்பது கடையின் பெயரை. அதன் நாணயத்தை நம்பலாம், ஆனால் அது சர்க்காரின் தரச் சான்று ஆகாது. தெய்வ உருவங்களைத் தட்டி எழுப்பிய ஆசாரியின் பெயர் அதில் இல்லை. முலாம் பொருளில் நிலைமை இன்னும் சிக்கல். எல்கிங்டன் 1840இல் மின்முலாம் காப்புரிமை பெற்ற பிறகு, முலாம் பட்டறைகள் தங்கள் எழுத்துகளை ஹால்மார்க் போலவே தனித்தனிக் கட்டங்களில் குத்தின. இ.பி.என்.எஸ். என்பது நிக்கல் சேர்ந்த உலோகத்தின் மேல் முலாம் என்று பொருள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. குலசேகரன்பட்டினத்தில் வெள்ளைக்காரர் நடத்திய சர்க்கரை ஆலை இருந்தது, லைட் ரயில் 1940 வரை ஓடியது என்பதெல்லாம் உண்மை. அதனாலேயே “துரை வீட்டுச் சீமை வெள்ளி” என்று வருகிற சாமானை நம்பத் தோன்றும். ஊரின் வரலாறு அந்தச் சாமானுக்குச் சாட்சி சொல்லாது.

எக்ஸ்ரே மெஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவி மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும். கைப்பிடி தேய்ந்த இடத்திலும் அடி விளிம்பிலும் மஞ்சளோ செம்போ எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கருவி. உரைகல்லில் உரசுவதானாலும் வேலைப்பாடு இல்லாத அடிவிளிம்பில்தான். முத்திரையின் மேல் கோடு போட்டால் சாட்சியை அழித்ததாகும். இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது: வாடிக்கையாளருக்கு வேண்டியது எடைக்குக் காசு, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? அவருக்கு அன்றைய விலையைக் கொடுப்பது நம் கடமை, அதில் குறையொன்றுமில்லை. ஆனால் முத்திரை இல்லாத பன்னீர்ச்செம்பும் சந்தனப் பேலாவும் வெற்றிலைச் செல்லமும்தான் நம் பக்கத்து ஆசாரிகளின் வேலைக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம். முத்திரையில்லை என்பதை “மதிப்பில்லை” என்று படித்து உலையில் போட்டுக்கொண்டே இருந்தால், கடைப்பெயர் தாங்கிய பொருள் மட்டும் மிஞ்சும். வெட்டிய பெயரால் ஒரு குடும்பத்தையும் காலத்தையும் சுட்டக்கூடிய பொருளெல்லாம் கட்டியாகிவிடும்.

உருக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மெருகுப் பொடி போடாமல் அடிப்பாகத்தைப் படமெடுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். எழுத்தை உள்ளபடி, ஊகம் சேர்க்காமல், குத்தியதா வெட்டியதா என்ற குறிப்போடும் எடையோடும் பேரேட்டில் பதியுங்கள்.