பசி வயிற்றோடு முடிவதில்லை



இலங்கையில் பட்டினி என்றதும் போரும் வறட்சியும்தான் நம் நினைவுக்கு வரும். 2022இல் நடந்தது வேறு. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. கடையில் அரிசி இருந்தும் வாங்கக் காசில்லை.

மலையகத் தோட்டங்களில் 2021இல்தான் நாட்கூலி 1000 ரூபாய் ஆனது. அந்த உயர்வை விலைவாசி அடுத்த வருடமே விழுங்கிவிட்டது. நெருக்கடிக்கு முன்பே, 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.

வைத்தியர்களாகிய நாங்கள் கவலைப்படுவது இதற்குத்தான். கருவிலிருந்து இரண்டு வயது வரை இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுதாக மீட்பது கடினம். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பும் அதிகம்.

டப்ளினிலிருந்து ஊர்ப் பாடசாலை மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் காசு அனுப்புகிறோம். நல்ல காரியம். அதில் ஒரு பங்கைக் கர்ப்பிணித் தாய்மாருக்கும், ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கும் ஒதுக்குவோம். அகதிகளாக நிவாரண அரிசி உண்டவர்கள் நாங்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரிசி பசியைத்தான் ஆற்றும். பிள்ளையை வளர்ப்பது நாள் தவறாமல் கிடைக்கும் முட்டையும் பயறும்தான்.