போன் முதலில் யாருக்கு?



தலைமன்னாரிலோ பேசாலையிலோ ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூன்று பிள்ளைகள். இணைய வசதியுள்ள போன் ஒன்றுதான். அதுவும் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். அவர் கரை திரும்பியதும் மூத்த மகன் எடுத்துக்கொள்வான். அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை. மகளின் முறை வருவது, அவள் தாய்க்கு ஒத்தாசை செய்து முடித்த பிறகு, இரவு பத்து மணிக்கு. அப்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது.

இது எண்ணிப் பார்த்த வீடுதான். ஆனால், 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இப்படி ஒரு வீட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். வகுப்பறை வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் இடம் மாறியது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்' ஒளிபரப்பானது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? 2021இல் போஹிதியாவ என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறினார்கள். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. வீட்டுக்குள் போன் முதலில் யாருக்கு என்ற குறை எந்தப் படத்திலும் வரவில்லை.

பாடசாலைகள் திறந்துவிட்டன, போன் வகுப்பை விட்டுப் போகவில்லை. 2024 மார்ச்சில், செயற்கை நுண்ணறிவைத் தரம் 8 முதல் கற்பிக்கும் முன்னோடித் திட்டம் தெரிவுசெய்யப்பட்ட சில பாடசாலைகளில் ஆரம்பமானது. பிள்ளைகளோ அதற்குக் காத்திருக்கவில்லை. கட்டுரை எழுதித் தரும்படி போனிடமே கேட்கிறார்கள்.

அது தரும் விடை சரளமாக இருக்கும். சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தான் படித்த எழுத்துக்களைக் கொண்டு, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே அது எழுதுகிறது. தமிழில், அதுவும் நம் ஊரைப் பற்றி, அது படித்தது குறைவு. ஒரு சோதனை செய்யுங்கள். மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவைப் போனிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கயிற்றைக் கொடுத்து அளந்துவரச் சொல்லுங்கள். 19 மீற்றருக்குச் சற்று மேல் வரும். போன் சொன்னது சரியோ பிழையோ, எதையும் தானே சரிபார்க்கலாம் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தாய்மாராகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு:

ஒன்று, போனுக்கு நேரசூசி போடுங்கள். அதில் மகளுக்கும் விளக்கு வைக்கும் நேரத்திலேயே ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சமையல் வேலையில் மகனும் கைகொடுக்கட்டும்.

இரண்டு, சிக்னல் உள்ள இடத்தில் பாடங்களைப் பதிவிறக்கி வையுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்று, பிள்ளை முதலில் தன் சொந்த வசனத்தில் எழுதட்டும். பிறகு போனிடம் கேட்கட்டும். இரண்டையும் பாடநூலோடு ஒப்பிடட்டும்.

நான்கு, போன் கூடத்திலேயே இருக்கட்டும். கதவை மூடிய அறைக்குள் வேண்டாம்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று ஒதுங்கிவிடாதீர்கள் சகோதரிகளே. இன்றிரவு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லித் தா" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லிக்கொடுக்கும் பிள்ளை இரண்டு முறை படிக்கிறது.