பெயர் யாருக்குச் சொந்தம்?

நூலுக்கோ கடைக்கோ புதுப்பெயர் சூட்டியவர்கள், ‘இப்பெயருக்குப் பதிப்புரிமை பெற்றுவிட்டோம்’ என்று பெருமையுடன் கூறுவதைக் கேட்கிறோம். கற்றவர்களிடையேயும் நிலவும் தவறான எண்ணம் இது. பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்புகளைக் காப்பது. கவிஞரின் பாடல் அவர் வாழ்நாள் முழுதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் காக்கப்படும். அப்பாடல் தொகுதியின் தலைப்போ காக்கப்படுவதில்லை. ‘தேசி பாய்ஸ்’ என்னும் இந்தித் திரைப்படத் தலைப்பு பற்றிய வழக்கில், 2015ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதனை ஐயத்திற்கு இடமின்றி உரைத்தது. ஓரிரு சொற்களைச் சேர்த்து வைப்பது இலக்கியப் படைப்பு ஆகிவிடாது. இஃது எழுத்தாளர்க்கு இழப்பு என்று சிலர் வருந்துவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தமிழ்ச்சொற்களை முந்திக்கொண்டவர் வேலியிட்டுக்கொள்ளலாம் எனில், பின்வரும் கவிஞர் எந்தச் சொல்லை எடுத்தாள்வார்?

அங்ஙனமாயின் பெயரைக் காப்பது எது? வணிகக்குறிச் சட்டம். அது காக்கும் காரணமே வேறு. நமக்கு அண்மையிலுள்ள திண்டுக்கல்லையே பார்ப்போம். 1957இல் நாகசாமி நாயுடு அங்கே ‘ஆனந்த விலாஸ்’ என்னும் பிரியாணிக் கடையைத் தொடங்கினார். அவர் தலைப்பாகை அணிந்திருந்தமையால் உண்ண வந்தோர் ‘தலப்பாக்கட்டி’ என்றனர். அவர் சூட்டிய பெயர் மறைந்து, ஊரார் சூட்டிய பெயர் நிலைத்தது. படைத்தவர்க்கே உரிமை என்னும் பதிப்புரிமை அளவுகோலைக் கொண்டு அளந்தால், அப்பெயர் உண்டவர்களுக்கன்றோ சேரவேண்டும்! வணிகக்குறியோ பெயரைப் புனைந்தவர் யார் என்று வினவுவதில்லை. இப்பெயரைக் கண்டு வாங்குபவர் யாருடைய சரக்கை நம்பி வாங்குகிறார் என்பதே அதன் வினா. எனவேதான் அதற்குக் கால எல்லையும் இல்லை. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் தலைமுறைகள் கடந்தும் வாழும்.

அதற்காக எல்லாச் சொற்களையும் வளைத்துக்கொள்ள இயலாது. ‘மேஜிக் மசாலா’ என்னும் தொடருக்காக ஐ.டி.சி. நிறுவனம் நெஸ்லே மீது தொடுத்த வழக்கில், அது சரக்கைப் புகழும் பொதுச்சொல்லே என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020இல் தள்ளுபடி செய்தது. ‘சுவையான’, ‘சிறந்த’ என்று பெயரிடும் திருமங்கலம் கடைவீதி வணிகர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

தனியொருவர்க்கு உரிமையாகாத பெயரும் உண்டு. ‘மதுரைச் சுங்குடி’ அத்தகையது. துணியை நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்க்கப் புள்ளி மலரும் கலை அது. 2005இல் அது புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அச்சிட்ட புள்ளிச் சேலைகள் இன்றும் சுங்குடி என்ற பெயரிலேயே மலிவாக விலைபோகின்றன. ஒவ்வொரு புள்ளியையும் விரலால் முடியும் பெண்களின் கூலியை அந்தப் பொய்ப்பெயர் அரித்துத் தின்கிறது. குறியீடு பெற்ற செய்திக்கு விழா எடுத்ததோடு நம் கடமை முடிந்ததாக எண்ணியதே இந்நிலைக்குப் பெருங்காரணம் எனலாம். அப்பெயரைச் சட்டப்படி ஆள்வதற்கு, உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020இல் அதற்கான கட்டணம் பத்தே ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவகமும் தொலைவில் இல்லை. சென்னைக் கிண்டியில்தான் உள்ளது. விண்ணப்பத்தை நிரப்புவதே அப்பெண்களுக்கு மலைப்பு. தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு விடுமுறையில் சென்று அவர்களுக்கு அதனை எழுதிக் கொடுக்கலாம்.